அடைக்கோழிக் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரலாறு என்றால் தோல் ஷாப்பு வரலாறுதான். ஏற்றுமதியான தோலுக்குக் கணக்கு உண்டு. சேரிப் பெண்கள் வளர்த்த கோழிக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

நான் முதன்முதலாக அடை வைத்தது அம்மா சொல்படி. பழைய கூடையில் வைக்கோல், இடிக்கு ஓர் இரும்புத் துண்டு, 12 முட்டை. "ராவுல வைடா, கோழி மிரளாது." ஏழாம் நாள் விளக்கில் காட்டி, கரு கூடாததை எடுத்தோம். 21ஆம் நாள் ஒன்பது குஞ்சு.

பண்ணை லெகான் கோழி நிறைய முட்டையிடும், அடை உட்காராது. முட்டைக்காகவே தேர்ந்து தேர்ந்து பெருக்கியதில் அந்தக் குணம் போயிற்று. குஞ்சு வேண்டுமானால் இன்குபேட்டர்காரனிடம்தான் போகணும். நாட்டுக்கோழிக்கு அந்தத் தேவையில்லை. கோழி வாங்க வழியில்லாதவள் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். குஞ்சில் பாதி அவளுக்கு. நிலமில்லாதவளின் முதல் சொத்து அதுதான்.

அதற்கும் நல்ல தண்ணி வேணும். தோல் கழிவால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதை 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பில் எழுதியது. நிலத்தை அளந்துவிடலாம். கிணறு கெட்ட ஊரில், கோழிக்கும் சேர்த்து அவள் குடம் சுமந்த தூரத்தை யார் அளந்தார்கள்?

ஷாப்பில் கூலி நின்ற வாரங்களில் எங்கள் பள்ளிக்கூட நோட்டு கோழி விற்ற காசில் வந்தது. தோழர்களே, வரலாறு எழுதும்போது இந்தக் கணக்கையும் எழுதுங்கள்.