திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஹாக்கியும் இளையோர் விளையாட்டும்

கேரளத்தின் தென்கோடி மாவட்டமான திருவனந்தபுரத்தில் ஹாக்கி வேரூன்றிய கதை விளையாட்டு விடுதிகளின் கதையோடு பிணைந்தது. விழிஞ்ஞம் முதல் பொழியூர் வரையுள்ள கடலோரத்தில் கால்பந்து யாரும் கற்றுத் தராமலே வளர்ந்தது. ஹாக்கி அங்கே வளரவில்லை. அதே மாவட்டத்தில் அருவிக்கரைக்கு அருகே மைலத்தில் உள்ள ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியோ, இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற கோல்காப்பாளர் பி. ஆர். ஸ்ரீஜேஷை நாட்டுக்குத் தந்தது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஒரு நிர்வாகி, ஓர் உறைவிடப் பள்ளி, அங்கே படித்த ஒரு மாணவர் ஆகிய மூன்றின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரையும் பந்தும்

விழிஞ்ஞம் திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தெற்கே உள்ளது. ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, பாண்டியரும் சோழரும் மாறி மாறிப் படையெடுத்த ஊர். 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால் இன்று உலக வரைபடத்தில் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஊரின் அன்றாடம் இன்னும் மீன்பிடித் துறையைச் சுற்றியே நடக்கிறது. மாலையில் படகுகள் ஒதுங்கிய மணலில் சிறுவர்கள் வெறுங்காலோடு கால்பந்து ஆடுவது விழிஞ்ஞம், புல்லுவிளை, பூவார், பொழியூர் என இக்கரை முழுக்கக் காணும் காட்சி. மாநில எல்லை இதற்குத் தடையல்ல. பொழியூரைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நுழைந்தாலும் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று அதே கால்பந்து தொடர்கிறது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டிகளில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். 1956 வரை இவை எல்லாமே ஒரே ஆட்சியின் கீழிருந்த கரைதான்.

இக்கரையில் தலைமை ஏற்க வந்தவர்கள் விளையாட்டைப் புதிதாக விதைக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த ஆர்வத்தை ஒழுங்குபடுத்தினாலே போதுமானதாக இருந்தது. தொழில்முறைக் கால்பந்து வீரராக இருந்த எபின் ரோஸ் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளைத் திரட்டி உருவாக்கிய கோவளம் எஃப்.சி., கேரள பிரீமியர் லீக் வரை சென்றது. கடலையே ஆடுகளமாக்கிய முயற்சியும் உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த யெல்லே ரிகோல் 2005இல் தொடங்கிய கோவளம் அலைச்சறுக்குக் கழகம், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கே பலகை கிடைக்கும் என்பதை விதியாக வைத்தது. படிப்பை இடையில் நிறுத்திய சிறுவர்களை வகுப்பறைக்குத் திருப்புவதே அதன் நோக்கம். விளையாட்டைத் தூண்டிலாகப் பயன்படுத்தும் இந்த உத்தி, பதக்க எண்ணிக்கையில் மட்டும் கண் வைக்கும் அரசுத் திட்டங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று.

கரையிலிருந்து கிரிக்கெட்டில் புகழ்பெற்ற சஞ்சு சாம்சன் விதிவிலக்குப்போலத் தோன்றுவார். 1994இல் புல்லுவிளையில் பிறந்தவர். 2024இல் டி20 உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தவர். ஆனால் அவருடைய தந்தை டெல்லி காவல்துறையில் பணியாற்றிய கால்பந்து வீரர். மகன் கிரிக்கெட் மட்டையைப் பிடித்துத் தொடங்கியது டெல்லியில். திருவனந்தபுரம் திரும்பிய பிறகு நகரத்து மைதானங்களில்தான் அவர் பயிற்சி தொடர்ந்தது. கடற்கரை தானாகத் தருவது கால்பந்தை மட்டுமே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஹாக்கி ஏன் கரையேறவில்லை

மணலில் ஹாக்கிப் பந்து உருளாது. சமதளமும், ஆளுக்கொரு மட்டையும், கோல்காப்பாளருக்குக் கால்கவசம் முதல் தலைக்கவசம் வரை தனிக் கவசத் தொகுப்பும் வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்த பிறகு ஆட்டமே மாறிப்போனது. பல கோடி ரூபாய் செலவில் அமைத்து, தண்ணீர் தெளித்துப் பராமரிக்க வேண்டிய தரையில் பழகாதவர் மேல்நிலைக்குப் போக முடியாது என்றானது. இத்தகைய விளையாட்டுக்கு முன்பு இராணுவமும், பின்னர் ரயில்வே, வங்கி, அரசு விடுதி ஆகியவையும் தாங்குதூண்களாயின.

கேரளத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கக்காரரான மேனுவல் ஃபிரெடெரிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1947இல் கண்ணூர் இராணுவக் குடியிருப்பான பர்ணசேரியில் பிறந்த அவர், இராணுவத்தில் சேர்ந்து பெங்களூரில் கோல்காப்பாளராக உருவானார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும், 1973 ஆம்ஸ்டர்டாம் உலகக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணியிலும் ஆடினார். தயான்சந்த் விருது அவரை வந்தடைய 2019 ஆயிற்று. மியூனிக்கிலிருந்து எண்ணினால் 47 ஆண்டுகள். 2025 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் காலமானார். அவர் காலத்து மலையாளி ஹாக்கி ஆட வேண்டுமென்றால் ஊரை விட்டுப் பட்டாளத்துக்குப் போக வேண்டியிருந்தது.

ஜி. வி. ராஜா

அந்த நிலையை மாற்றும் அமைப்புகளுக்கு அடித்தளமிட்டவர் கோத வர்ம ராஜா. 1908 அக்டோபர் 13 அன்று பூஞ்ஞார் அரச குடும்பத்தில் பிறந்தார். 1934இல் திருவிதாங்கூர் இளவரசி கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயியை மணந்து திருவனந்தபுரத்துக்கு வந்தார். அரண்மனை மருமகனாக ஓய்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை. அவரோ விமானம் ஓட்டினார், டென்னிஸ் ஆடினார், சங்கங்களைத் தொடங்கினார். 1954இல் உருவாகிப் பின்னர் கேரள மாநில விளையாட்டுக் கவுன்சிலாக வளர்ந்த அமைப்பின் நிறுவனத் தலைவர் அவரே. விழிஞ்ஞத்துக்கு அடுத்துள்ள கோவளம் கடற்கரையைச் சுற்றுலாத் தலமாக உயர்த்தியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. கேரளச் சுற்றுலாவின் தந்தை என்று இன்றும் அழைக்கப்படுகிறார். ஒரே மாவட்டத்தில் அவருடைய இரு பணிகளும் அருகருகே நிற்கின்றன. சுற்றுலாப் பணியின் பலன் கண்ணில் படுகிறது, விளையாட்டுப் பணியின் பலன் அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை.

1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் பிறந்த நாள் கேரளத்தில் விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாநிலத்தின் உயரிய விளையாட்டு விருதும் அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது. ஆனால் பெயர் தாங்கிய நினைவுகளில் பயனுள்ளது மைலத்துப் பள்ளிதான். திறமையுள்ள பிள்ளையைச் சிறு வயதிலேயே தேர்ந்தெடுத்து, உணவும் தங்குமிடமும் பயிற்சியும் பாடமும் ஒரே வளாகத்தில் தருவது அதன் முறை. 1976இல் கண்ணூரில் தொடங்கிய மகளிர் விளையாட்டுப் பிரிவில் பயிற்சியாளர் ஓ. எம். நம்பியாரிடம் ஓட்ட வீராங்கனை பி. டி. உஷா பயின்றதும் இதே வழியில்தான். 1985இல் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி வந்தபோது திருவனந்தபுரம், பயிற்சியாளர்களையும் உருவாக்கும் நகரமாயிற்று.

பள்ளி செய்த கோல்காப்பாளர்

பரட்டு ரவீந்திரன் ஸ்ரீஜேஷ் 1988 மே 8 அன்று எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஊரில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். 12 வயதில் ஜி. வி. ராஜா பள்ளிக்கு வந்தபோது ஹாக்கி அவர் கனவில்கூட இருந்ததில்லை. அவரைக் கோல் கம்பங்களுக்கிடையே நிறுத்தியவர்கள் பள்ளியின் பயிற்சியாளர்களான ஜெயகுமாரும் ரமேஷ் கோலப்பாவும். அதிகம் ஓட வேண்டாம் என்பதும், பள்ளித் தேர்வில் விளையாட்டுக்கான கருணை மதிப்பெண் கிடைக்கும் என்பதும் தம்மை ஈர்த்ததாகப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பெரிய வீரர்களின் வாழ்க்கை வரலாறுகளில் வழக்கமாக வரும் பிறவி வேட்கை இங்கே கிடையாது. மதிப்பெண்ணுக்கு வந்த பையனை வீரனாக்கியது விடுதியின் ஒழுங்கு. இத்தகைய பள்ளிகளுக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் இருக்க முடியாது.

கவசம் வாங்கப் பணமில்லாதபோது தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பதும் அவர் பலமுறை நினைவுகூர்ந்தது. பயிற்சியும் சோறும் அரசு கொடுத்தது. கருவியின் சுமையோ குடும்பத்தின் தலையில் விழுந்தது. ஹாக்கியில் ஏழைப் பிள்ளைகள் நழுவிப்போகும் இடமும் இதுவே.

2004இல் இளையோர் அணிக்கும், 2006இல் கொழும்பு தெற்காசிய விளையாட்டில் மூத்தோர் அணிக்கும் ஆடத் தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 12 அணிகளில் கடைசியாக வந்த அவமானத்தையும் அணிக்குள் இருந்து பார்த்தவர். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிரான ஷூட் அவுட்டில் கோல் முயற்சிகளைத் தடுத்துத் தங்கம் பெற்றுத் தந்தார். 2016இல் அணித்தலைவராகச் சாம்பியன்ஸ் கோப்பையில் வெள்ளியும், ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியும் கண்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5–4 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய 7 நொடிக்கும் குறைவாக இருக்கையில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. அதற்கு முந்தைய பதக்கம், 1980 மாஸ்கோவில் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் வென்ற தங்கம்.

2024 பாரிஸில் காலிறுதியில் ஒரு வீரரை இழந்து 10 பேரோடு ஆடிய இந்தியா, பிரிட்டனை ஷூட் அவுட்டில் வென்றது ஸ்ரீஜேஷின் கைகளால்தான் என்று சொன்னால் மிகையாகாது. ஸ்பெயினை 2–1 என வென்று மீண்டும் வெண்கலம் பெற்றதோடு ஓய்வு பெற்றார். 336 பன்னாட்டு ஆட்டங்கள், 2021இல் கேல் ரத்னா, 2025இல் பத்ம பூஷண். ஹாக்கி இந்தியா அவருடைய 16ஆம் எண் சீருடைக்கு மூத்தோர் அணியில் ஓய்வளித்தது. இளையோர் அணியில் அந்த எண்ணைத் தொடர விட்டது.

இளையோர் பயிற்சியாளராக

ஓய்வு பெற்ற சில நாட்களிலேயே ஆடவர் இளையோர் அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். முதல் போட்டியான 2024 ஜோகூர் சுல்தான் கோப்பையில் வெண்கலம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5–3 என வென்று இளையோர் ஆசியக் கோப்பையைத் தக்கவைத்தது அவர் அணி. ஐந்தில் நான்கு கோல் அரைஜீத் சிங் ஹுண்டாலுடையவை. 2025 ஜோகூரில் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று வெள்ளி.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பைதான் உண்மையான சோதனை. முதல்முறையாக 24 அணிகள் ஆடின. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கு ஹாக்கிக்குப் பழகிய இடம். மதுரைக்கோ இத்தகைய பன்னாட்டுப் போட்டி புதிது. காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் வென்றபோது நாயகனாக நின்றவர் கோல்காப்பாளர் பிரின்ஸ்தீப் சிங். ஆசானின் தொழிலைச் சீடன் செய்துகாட்டிய ஆட்டம் அது. அரையிறுதியில் ஜெர்மனி 5–1 என்று நொறுக்கியது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0–2 எனப் பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் அடித்து 4–2 என இந்தியா வென்றது. 2021, 2023 ஆகிய இரு போட்டிகளிலும் நான்காமிடத்தோடு திரும்பிய அணிக்கு இது முன்னேற்றமே. ஜெர்மனிக்கு எதிராகத் தெரிந்த இடைவெளியையும் மறைக்க முடியாது.

பிற மாநிலங்களோடு ஒப்பிடுகையில்

ஒடிசாவின் பான்போஷ் விளையாட்டு விடுதி திலீப் திர்க்கியையும் அமித் ரோஹிதாஸையும் தந்தது. திர்க்கி 2022 முதல் ஹாக்கி இந்தியாவின் தலைவர். அம்மாநில அரசு 2018 முதல் தேசிய அணிகளுக்கே புரவலராக இருக்கிறது. ஆயினும் சுந்தர்கர் மாவட்டத்தில் விடுதி வருவதற்கு முன்பே பழங்குடி ஊர்களில் ஹாக்கி இருந்தது. தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் அப்படித்தான்: ஊரே ஹாக்கி ஆடும், அதற்கு மேல் அரசுப் பயிற்சி மையம் அமைந்தது. மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினர்.

கேரளத்தில் விடுதி உண்டு, அடியில் ஊர் இல்லை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கொல்லத்தில் ஹாக்கி அரங்கு அமைந்தது. தரை கிடைத்த அளவுக்கு ஆட்டக்காரர்கள் பெருகவில்லை. ஆடவர் ஹாக்கியில் மேனுவல் ஃபிரெடெரிக்கின் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் ஸ்ரீஜேஷின் முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி. இருவருமே கோல்காப்பாளர்கள் என்பதும் தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதல்ல. முன்வரிசையாளரும் நடுவரிசையாளரும் ஆறேழு வயது முதல் தெருவில் ஆடித்தான் பந்தின் மேல் கட்டுப்பாடு பெறுகிறார்கள். கோல்காப்பாளரைப் பன்னிரண்டு வயதுக்கு மேலும் விடுதியில் செதுக்கி எடுக்க முடியும். விழிஞ்ஞத்துச் சிறுவனின் காலில் ஐந்து வயதில் ஏறிவிடும் பந்து, அவன் கையில் ஹாக்கி மட்டையாக வந்து சேர வேண்டுமென்றால் கடலோரப் பஞ்சாயத்துப் பள்ளிகளில் சிமெண்டுத் தரையும் கடன் மட்டைகளும் இருந்தாக வேண்டும். மாவட்டத்தின் ஹாக்கி முயற்சிகள் மைலத்திலும் நகரத்திலும் நின்றுவிட, அந்தக் கீழ்ப்படி இன்னும் கட்டப்படவில்லை.