கண்டனமும் பொறுப்பேற்பும்: தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை முன்வைத்து

அமைதியாகப் போராடியவர்கள் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாகும்போது வெளியிலிருந்து எழும் கண்டனத்தை உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு என்று ஒதுக்குவது மக்களாட்சி அரசுகளுக்கும் வழக்கமாகிவிட்டது. இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வாதம் சட்டப்படி நிற்காது. அமைதியாகக் கூடும் உரிமையை 21ஆம் உறுப்பில் ஏற்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில், அவ்வுரிமை தன் அரசமைப்பின் 19ஆம் உறுப்புக்கு இசையவே செயல்படும் என்ற விளக்கத்தோடு, இந்தியா 1979இல் தானாகவே இணைந்தது. ஆயினும் பன்னாட்டுக் கவலையிடமும் ஒரு குறை உண்டு: அது உயிரிழப்பைக் கண்டிக்கும் அளவுக்கு, உயிரிழப்புக்குப் பின் பொறுப்பு கைநழுவிப் போகும் வழிகளைக் கண்டிப்பதில்லை.

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரி அ. குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தின் நூறாம் நாளான மே 22 அன்று, தடையுத்தரவை மீறி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஆயிரக்கணக்கானோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்றும் அடுத்த நாட்களிலுமாக 13 பேர் உயிரிழந்தனர், அவர்களுள் 17 வயதுப் பெண் ஒருவரும் அடங்குவார். கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன என்பது உண்மையே. ஆனால், கூட்டத்தில் சிலர் செய்யும் வன்முறை எஞ்சியோரின் அமைதி உரிமையைப் பறிக்காது என்பது அவ்வுடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 2020இல் தந்த விளக்கம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வெகுதொலைவில், கடலோரத்துத் திரேஸ்புரத்தில் ஒரு பெண் சுடப்பட்டு இறந்ததை, அலுவலகத்தைக் காக்க நேர்ந்தது என்ற காரணத்தால் எவ்வாறு விளக்குவது?

மே 31 அன்று ஐ.நா.வின் மனித உரிமை வல்லுநர்கள் கூட்டாக இத்துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்து, தாமதமற்ற சுதந்திரமான விசாரணையைக் கோரினர். அவர்கள் முன்வைத்த அளவுகோல் புதியதன்று. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உயிர்பறிக்கும் நோக்கோடு சுடலாம் என்பது 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கொள்கை. முன்னெச்சரிக்கை தர வேண்டும், தேவைக்கு மேல் சுடக் கூடாது என்பவை தமிழகக் காவல் நிலையாணைகளிலேயே உள்ளவை. தப்பி ஓடியவர்களும் சுடப்பட்டனர் என்று கண்டறிந்த, மாநில அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையம், 17 காவல்துறையினர் மீதும், அன்றைய ஆட்சியர் மீதும், சுடுவதற்கு உத்தரவிட்டதாகக் காட்டப்பட்ட துணை வட்டாட்சியர் நிலை அலுவலர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. வெளியார் ஒன்பதே நாளில் எழுப்பிய கேள்விக்கு இவ்விடை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில்தான்.

இவ்விடைவெளியில் தேசிய மனித உரிமை ஆணையம் நடந்துகொண்ட விதமே மிகுந்த கவலைக்குரியது. தானாக முன்வந்து எடுத்த வழக்கை, இழப்பீடு வழங்கப்பட்டுவிட்டது, மாநில அரசின் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டுவிட்டது என்ற காரணங்களைக் காட்டி, 2018 அக்டோபரிலேயே அது முடித்துவைத்தது. அதன் புலனாய்வுப் பிரிவு காவல்துறைத் தலைமை இயக்குநர் நிலை அதிகாரி ஒருவரின் கீழ் இயங்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதால், காவல்துறை மீதான புகாரைக் காவல்துறையினரே ஆராயும் நிலை ஏற்படுகிறது. தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு 2023இலும் 2024இலும் இந்திய ஆணையத்தின் தகுதிநிலையைப் புதுப்பிக்காமல் ஒத்திவைத்தபோது சுட்டிய குறைகளுள் இதுவும் ஒன்று. கண்டன அறிக்கைகளைவிட இத்தகைய மதிப்பீடு கூடுதல் பயன் தரவல்லது. ஏனெனில் இது ஒரு நிகழ்வோடு நில்லாமல், அடுத்த நிகழ்வையும் விசாரிக்கப்போகும் அமைப்பைத் தொடுகிறது.

பன்னாட்டுக் கவனம் அழுத்தமாகத் திரும்ப வேண்டிய மற்றோர் இடம் முன் அனுமதி என்னும் ஏற்பாடு. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக அலுவலர் மீது வழக்குத் தொடர அரசின் ஒப்புதல் தேவை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு கூறிற்று. பணிக்கடமையின்போது செய்தவற்றுக்கு 197ஆம் பிரிவும் அத்தகைய காப்பையே அளித்தது. 2012இல் இந்தியா வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் இத்தடை நீங்க வேண்டுமென வலியுறுத்தினார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 197க்கு ஈடான 218ஆம் பிரிவில் மட்டும் அரசு 120 நாளில் முடிவெடுக்காவிடில் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு வாசலைத் திறந்துள்ளது. கூட்டங்களின் மீது சுடுவோரைக் காக்கும் பிரிவு 151 என்ற புதிய எண்ணில் பெரிதும் பழையபடியே தொடர்கிறது.