பெயர் கேட்காத கொரோனா செயலி

ஆரோக்ய சேது ஞாபகம் இருக்கா? அதே 2020-ல் அதே வேலைக்காக ஜெர்மனி ஒரு செயலி செய்தது. கொரோனா-வார்ன்-ஆப். அதோட கதை கொஞ்சம் வேற.

டிபி நோயாளிகிட்ட "வீட்ல யார் யார் இருக்காங்க, யாரோட பழகினீங்க?"ன்னு கேட்ட டாக்டர்களுக்குத் தெரியும். விஷயம் வெளியே போகும்னு தோணினா பதில் நின்னுடும். ஜெர்மனியில் இந்தப் பயத்துக்கு வரலாறே உண்டு. கிழக்கில் ஸ்டாசி உளவுத்துறை மக்களைப் பற்றி ஃபைல் ஃபைலாகச் சேர்த்தது. மேற்கில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார்கள். தன் தகவல் எங்கே போகணும்னு தீர்மானிக்கும் உரிமை தனிமனிதருக்கே என்று 1983-ல் தீர்ப்பு வந்தது.

அப்படிப்பட்ட நாட்டில், யார் யாரைச் சந்தித்தார் என்பதை ஒரே சர்வரில் சேர்க்கும் திட்டத்தை அரசு முதலில் ஆதரித்தது. பல நாடுகளிலிருந்து சுமார் 300 ஆய்வாளர்கள் இந்த மாதிரி அமைப்புகளை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். ஏப்ரல் 26-ல் அரசு பின்வாங்கியது.

புதுசு இப்படி: உங்க போன் ப்ளூடூத்தில் ஒரு ரேண்டம் எண்ணை அனுப்பிட்டே இருக்கும். 10-20 நிமிஷத்துக்கு ஒருமுறை எண் மாறும். பக்கத்து போன் அதைக் குறிச்சுக்கும், 14 நாள் வரை. உங்களுக்கு பாசிட்டிவ் வந்து, நீங்களும் சம்மதிச்சா, அந்த எண்களை அடையாளம் காட்டும் கோட் மட்டும் சர்வருக்குப் போகும். மத்த போன்கள் அதை இறக்கி, தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கும். பெயர், நம்பர், இடம் எதுவும் இல்லை. நீங்க யாரைச் சந்திச்சீங்கன்னு சர்வருக்கே தெரியாது.

மே மாதமே சோர்ஸ் கோடு கிட்ஹப்பில் வந்துடுச்சு. சம்பந்தமே இல்லாதவர்கள் படித்துப் பார்த்து பிழை சொன்னார்கள். ஜூன் 16 வெளியீடு. ஒரே வாரத்தில் 1 கோடிக்கு மேல் டவுன்லோடு.

நஷ்டமும் உண்டு. எந்த இடத்தில் தொற்று பரவுதுன்னு சுகாதாரத் துறையால் இதில் பார்க்க முடியாது. பாசிட்டிவ் வந்த எல்லாரும் பகிரவும் இல்லை. பொது சுகாதாரம் பார்க்கிறவங்களுக்கு இது எரிச்சல்தான்.

2021-ல் லூகா என்ற தனியார் செயலி பரவியது. உணவகம் போகிறவர்களின் பெயரையும் நம்பரையும் வாங்கி, என்க்ரிப்ட் பண்ணி சர்வரில் வைத்தது. தொற்று வந்தால் மட்டும் சுகாதாரத் துறைக்குத் திறக்கும் என்பது வாக்குறுதி. நவம்பரில் மைன்ஸ் நகரில், உணவகத்தை விட்டு வெளியே வந்த ஒருவர் விழுந்து இறந்துபோனார். போலீஸ் சுகாதாரத் துறை வழியாக லூகா தகவலை வாங்கி, சாட்சிக்காக 21 பேரைக் கூப்பிட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. பல மாநிலங்கள் லூகா ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

கொரோனா-வார்ன்-ஆப்பிலும் 2021 ஏப்ரல் முதல் உணவக க்யூஆர் வசதி இருந்தது. அதில் போலீஸ் கேட்டிருந்தாலும் எடுத்துக் கொடுக்க ஒரு பெயர்கூட கிடையாது.