உறுப்புரிமை என்னும் குற்றம்: பலெர்மோப் பெருவழக்கு பற்றிய ஒரு குறிப்பு

சிசிலிய மாபியாவை ஓர் அமைப்பாக ஏற்க இத்தாலிய நீதிமன்றங்கள் நெடுங்காலம் தயங்கின. 1969இல் பாரி நகரில் விசாரிக்கப்பட்ட 64 பேரும் விடுதலையாயினர். சாட்சிகளின் மௌனமே காரணம் என்பர். பெருநிலங்களின் காவலாளர் முதல் நகரக் கட்டட ஒப்பந்தக்காரர் வரை நீண்ட வர்க்க உறவுகளே அம்மௌனத்தை உற்பத்தி செய்தன என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

இதனை நன்கு விளங்கியிருந்தவர், விவசாயிகளின் நிலப்போராட்டங்களில் உருவான கம்யூனிஸ்ட் பாராளுமன்ற உறுப்பினர் பியோ லா தொர்ரே. 1982 ஏப்ரல் 30இல் அவர் கொல்லப்பட்டார். அவர் முன்மொழிந்த சட்டம் அவ்வாண்டு செப்டெம்பரில் நிறைவேறிற்று. குழுப்பிணைப்பு விளைவிக்கும் அச்சத்தையும் அடிபணிவையும் மௌனத்தையும் பயன்படுத்திக் குற்றம் புரியும், தொழில்களையும் ஒப்பந்தங்களையும் கைப்பற்றும் குழுவில் உறுப்பினராயிருத்தலே குற்றமாயிற்று. முன்னர் வழக்கைக் குலைத்த மௌனம் இப்போது குற்றத்தின் வரைவிலக்கணத்துள் இடம்பெற்றது.

ஆயின் உறுப்புரிமையை நிறுவுவது எங்ஙனம்? 1987 டிசெம்பரில் தீர்ப்பளிக்கப்பட்ட பலெர்மோப் பெருவழக்கு, தொமாசோ புஷெத்தா முதலிய முன்னாள் உறுப்பினரின் வாக்குமூலங்களைப் பெரிதும் சார்ந்திருந்தது. ஆயுட்தண்டனை பெற்ற 19 பேர், 1990இன் மேன்முறையீட்டில் 12 ஆகக் குறைந்தனர். தலைமைக்குழுவின் கூட்டுப்பொறுப்பு என்ற வாதமும் தளர்ந்தது. உடன்குற்றவாளியின் சொல்லுக்குப் புறச்சான்று கேட்பதை வெறும் சட்ட நுணுக்கமென ஒதுக்குதல் தகாது. 1979 ஏப்ரலில் அந்தோனியோ நெக்ரி முதலிய இடதுசாரிப் புலமையாளர் கைதானதும் உறுப்புரிமைக் குற்றச்சாட்டின் பேரிலேயே.

1992 ஜனவரி 30இல் உரோமின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் கூட்டுப்பொறுப்பு வாதத்தை மீள நிலைநாட்டியது. மார்ச் 12இல், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் சிசிலியத் தலைவர் சால்வோ லீமாவை மாபியா சுட்டுக் கொன்றது. மேன்முறையீட்டில் தம்மைக் காப்பாற்றத் தவறினார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பழி.