இறக்காமப் பாடசாலைகளை எப்படி ஒப்பிடுவது?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் முகநூல் வாழ்த்துகளால் நிறைந்துவிடுகிறது. எந்தப் பாடசாலைக்கு எத்தனை 9ஏ என்பதே ஊர்ப் பேச்சு. சாதித்த பிள்ளைகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பாடசாலை நல்லது, இன்னொன்று மோசம் என்று தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இறக்காமம், சம்மாந்துறைக் கல்வி வலயத்தில் உள்ள ஒரு கோட்டம். வலயத்துக்குள் எல்லாப் பாடசாலைகளும் ஒரே வகையல்ல. 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சி பாடசாலையில் கலை, வர்த்தகம் மட்டுமே. வகை 2 தரம் 11 உடன் முடிந்துவிடும். வகை 3 ஆரம்பப் பிரிவையே முக்கியமாகக் கொண்டது. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண சபையின் கீழும் இயங்குகின்றன. ஆகவே வளங்களும் ஒன்றல்ல.

தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடையும் பிள்ளைகளில் வசதியுள்ளோர் கல்முனை ஸாஹிரா, மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பெரிய பாடசாலைகளை நாடுகின்றனர். ஆறு வருடங்களின் பின் அவர்கள் பெறும் 9ஏ அங்கே எண்ணப்படுகிறது. அவர்களுக்கு எழுத்தறிவித்த கிராமப் பாடசாலையை யாரும் நினைப்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பாடசாலையில் 150 பேர் தோற்றி 10 பேர் 9ஏ பெற்று, 75 பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். இன்னொன்றில் 20 பேர் தோற்றி ஒரு 9ஏயும் இல்லை. ஆனால் 13 பேர் தகுதி பெறுகிறார்கள். முதலாவது 50 வீதம், இரண்டாவது 65 வீதம். பதாதை தொங்குவது முதலாவதன் வாசலில்தான்.

உயர்தரம் கற்க தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றுள் 3 திறமைச் சித்தியும் வேண்டும். கணித ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளையைக் குறைகூறி என்ன பயன்?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறையும் அதில் ஒன்று என்று திருப்திப்படுகிறோம். ஆனால் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இறக்காமப் பிள்ளை போட்டியிடுவது இதே மாவட்டத்தின் கல்முனை, சம்மாந்துறை, அம்பாறை நகரப் பிள்ளைகளோடுதான். மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை கோட்டா நிவர்த்தி செய்யாது.

எனவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பழைய மாணவர்களும், பள்ளிவாசல் நிருவாகங்களும் ஒவ்வொரு வருடமும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எத்தனை பேர் தோற்றினர்? எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றனர்? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்வோம். பதாதைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியாவது மாலை நேரக் கணித வகுப்புக்குப் போகட்டும். ஊரை விட்டுப் போக வசதியில்லாத பிள்ளையும் நமது அமானிதம்தான்.