குண்டு பொருந்தினால்தான் குறி



என்னிடம் படித்த ஒருவர் தன் மகனுக்கு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையனுக்குத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போக ஆசை. "ஐயா, பத்து மீட்டர்ல வச்சுச் சுட்டா ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. துப்பாக்கியக் குடுத்துட்டு வேற வாங்கிரட்டுமா?" என்று போனில் கேட்டார். "துப்பாக்கி இருக்கட்டும்ப்பா. முதல்ல குண்ட மாத்திப் பாரு" என்றேன்.

அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன். இது வெறும் கடைச் சரக்கு விஷயம் அல்ல. எறிகிற பொருளும் அது புறப்படுகிற குழாயும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதற்காக உலகம் முந்நூறு ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. அந்த வரலாற்றில் நம் சேதுச் சீமைக்கும் இடம் உண்டு. பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

வில்லின் பெயர் தாங்கிய கரை

தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை என்று பொருள். ராமன் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் என்பது தலக்கதை. அந்த ராமனைச் சிறு பையனாகக் காட்டும்போது கம்பர் கையில் அம்பைக் கொடுக்கவில்லை, மண் உருண்டையைக் கொடுத்தார். சிறுவன் விளையாட்டாக அடித்த உண்டை கூனியின் முதுகில் பட்டது. அதை அவள் மறக்கவே இல்லை. பின்னால் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்த உண்டைவில் கற்பனை அல்ல. சாதாரண வில்லுக்கு ஒரு நாண் இருக்கும். இதற்கு இரண்டு நாண், நடுவில் தோலோ துணியோ வைத்துக் கட்டிய சிறு மடிப்பு. களிமண்ணை உருட்டிக் காயவைத்து அந்த மடிப்பில் வைத்து அடிப்பார்கள். உருண்டைகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் ஒரே இழுப்புக்கு இரண்டும் வேறு வேறு இடத்தில் போய் விழும். நம் காலத்தில் கவட்டைக் கம்பில் சைக்கிள் டியூப் கட்டி அடித்தோமே, அப்போதும் கண்மாய்க்குள் கிடக்கிற கல்லை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. உருண்டையான கல்லாகத் தேடித்தான் டவுசர் பைக்குள் போட்டோம். யாரும் சொல்லித் தராத பாடம் அது.

மீன் பிடிக்கிற உறவுகளுக்கும் இது தெரியும். வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கிற ஈயம் ஏறத்தாழ ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலை வட்டமாக விரியாது.

நம் சீமையின் ஆயுதம் வளரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் வழங்கிய அந்த வளைந்த ஆயுதம் இப்போது அருங்காட்சியகங்களில்தான் இருக்கிறது. கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்டதை 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் பக்கத்து முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஆராய்ந்தவர். அவர் 1924-இல் தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றைப் பற்றியும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வாயால் ஊதி அம்பைத் தள்ளுகிற ஊதுகுழல்தான் இன்றைய ஏர் ரைஃபிளுக்குப் பாட்டன். இரண்டிலும் வேலை செய்வது காற்று.

பறித்துக்கொண்ட கைகள்

1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர் சீமைகளில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை போட்டது. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு என்றது அந்த ஏற்பாடு. அந்த இன வேறுபாடு பின்னாளில் போனது. விடுதலைக்குப் பிறகு 1959-இல் புதிய சட்டம் வந்தது. உரிமம் மட்டும் நிலைத்தது.

சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை உரிமம் இல்லாமல் தொட முடிந்தது ஏர் ரைஃபிள் ஒன்றைத்தான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குல விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஜூல் என்றதும் பயப்பட வேண்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். அரை கிராம் குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 10 ஜூல். கேட்கச் சின்ன எண். ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும்.

இடைவெளியின் கதை

கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கி வந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழாய் விட்டம் சுமார் 19 மி.மீ. அதில் போட்ட ஈயக் குண்டோ சுமார் 17.5 மி.மீ. வேண்டுமென்றேதான் சிறியதாகச் செய்தார்கள். வெடிமருந்துக் கரி படிந்த குழாய்க்குள் முன்பக்கமாக வேகமாகக் குண்டை இறக்க வேண்டுமே! ஆனால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியால் குண்டு குழாயின் சுவரில் இங்கும் அங்கும் தட்டிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதைப் பொறுத்துத் திசை மாறும். நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம்தான்.

குண்டைச் சரியான உருண்டையாக வார்ப்பதும் சிரமம். இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து தண்ணீருக்குள் விழவிட்டார். விழும் துளி பரப்பு இழுவிசையால் தானே உருண்டையாகிவிடும். மழைத்துளி உருளும் அதே காரணம்தான்.

குழாய்க்குள் மரை போட்டு, குண்டைச் சுழலவிட்டால் நேராகப் போகும் என்பது முன்பே தெரியும். ஆனால் மரையைக் கவ்வும்படி இறுக்கமான குண்டை இறக்க நேரம் பிடித்தது. 1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே இதற்கு வழி கண்டார். குண்டு குழாயைவிடச் சிறியது, எளிதில் இறங்கிவிடும். அதன் அடிப்பகுதி குடைவானது. வெடித்ததும் அந்தப் பாவாடை விரிந்து மரையைக் கவ்விக்கொள்ளும்.

அந்த வழியில் வந்ததுதான் 1853 மாதிரி என்ஃபீல்டு. அதன் தோட்டாவைப் பொதிந்த காகித உறையில், குண்டு குழாயில் வழுக்கி இறங்குவதற்காகக் கொழுப்பு தடவினார்கள். உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி பரவியதையும் 1857-இல் நடந்ததையும் உங்களுக்கு நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனால் பற்றவைத்த தீப்பொறி, குண்டு குழாய்க்குப் பொருந்த வேண்டும் என்ற தொழில் தேவையிலிருந்து வந்தது.

உடுக்கை வடிவக் குண்டு

காற்றுத் துப்பாக்கியும் பழையதுதான். ஆஸ்திரியப் படை 1780 முதல் ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியை வைத்திருந்தது. நாம் இன்று பார்க்கிற, குழாயை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்குகிற வகை பரவியது அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. நம் ஊரில் பலர் ஏர்கன்னையே 'டயானா' என்பார்களே, அது 1890-இல் ஜெர்மனியின் ராஸ்டாட்டில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். ரோமானியரின் வேட்டைத் தெய்வம் டயானா.

இதற்கான குண்டின் பெயர் டயபோலோ. அது ஒரு விளையாட்டுப் பொருளின் பெயர். நாம் உடுக்கை என்று சொல்லிக்கொள்ளலாம், வடிவம் அதுதான். முன்னால் தலை, நடுவில் இடுப்பு, பின்னால் குடைவான பாவாடை. தலை மரையில் பிடித்து நேராகப் போகும். பாவாடை காற்றை அடைக்கும். மினியேயின் யோசனை பையனின் விளையாட்டுத் துப்பாக்கிக்குள் வந்துவிட்டது!

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முனையில் நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுக்கிறது. இவ்வளவும் குண்டு குழாயை விட்டு வெளியே போவதற்குள் நடந்துவிடும். ஒரு குண்டு தளர்வாக இருந்து முந்திக் கிளம்பும், இன்னொன்று இறுகிப் பிந்திக் கிளம்பும் என்றால், ஒவ்வொரு முறையும் குழாயின் வாய் வேறு வேறு இடத்தில் இருக்கும்போது குண்டு வெளியேறும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போவதற்கு இதுவே பெரிய காரணம்.

எனவே பையனுக்குச் சொன்னவை:

1. எடை. 0.177-க்கு 0.45 முதல் 0.55 கிராம் வரையுள்ள குண்டில் தொடங்கு. ரொம்ப லேசானது என்றால் காற்றுத் தாங்கல் இல்லாமல் பிஸ்டன் முனையில் போய் மோதும். ரொம்பக் கனமானது என்றால் பிஸ்டன் திரும்பித் துள்ளும். இரண்டுமே ஸ்பிரிங்குக்கும் கேடு, குறிக்கும் கேடு.

2. தலை. பத்து மீட்டர் காகிதக் குறிக்குத் தட்டைத் தலை. துளை வட்டமாக விழும், மதிப்பெண் பார்க்கச் சுலபம். 25 மீட்டர் போன்ற தூரத்துக்கு உருண்டைத் தலை. கூர்முனை பார்க்கத்தான் மிரட்டும். முனை நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் பாதை கெடும்.

3. பொருத்தம். நல்ல குண்டு டப்பாவில் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான் வித்தியாசம், ஆனாலும் குறியில் தெரியும். கட்டைவிரலால் அழுத்தும்போது இதமான எதிர்ப்புடன் உட்கார வேண்டும். தானாக உள்ளே விழுந்தாலும் ஆகாது, பாவாடை நசுங்கும்படி திணித்தாலும் ஆகாது.

4. பொறுக்குதல். அரிசியில் கல் பொறுக்குவதுபோல வெள்ளைத் தாளில் கொட்டிப் பார். பாவாடை நெளிந்தது, பிசிறு உள்ளது எல்லாவற்றையும் ஒதுக்கு. தரையில் விழுந்த ஈயக் குண்டை மறுபடி போடாதே. நகைக்கடைத் தராசு கிடைத்தால் எடை போட்டுப் பிரித்து வை.

5. சோதனை. மூன்று நான்கு வகைகளைச் சிறு டப்பாவாக வாங்கு. வகை மாற்றும்போதெல்லாம் முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதே. பிறகு ஐந்து ஐந்தாக மூன்று தாளில் சுடு. துப்பாக்கியைக் கெட்டியாகப் பிடித்து அடக்காமல், மெத்தென்ற தாங்கலில், உள்ளங்கையில் கிடத்தினாற்போல வைத்துச் சுடு. அதிகமாக விலகிய இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு அளந்து நோட்டில் எழுது. எந்தக் குண்டு சிறிய கூட்டமாக விழுகிறதோ அதுவே உன் துப்பாக்கிக்கானது. நடுப்புள்ளியில் விழாவிட்டால் பரவாயில்லை, குறிக்காட்டியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்குப் பொருந்தியது உனக்குப் பொருந்தும் என்றில்லை.

6. நம் ஊர்க் காற்று. பாம்பன், மண்டபம் உப்புக்காற்றில் ஈயம் வெள்ளைப் பொடி பூக்கும். மூடியுள்ள டப்பாவில் வை. ஈயம் விஷம். குண்டை வாயில் கடித்துக்கொள்கிற பழக்கம் கூடவே கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. எஃகுக் குண்டு போட்டால் மரை தேயும். குண்டில்லாமல் வெறுமனே விசையை இழுத்தால் பிஸ்டன் கெடும்.

பலூனும் பத்தாம் புள்ளியும்

ஏர்வாடி சந்தனக்கூட்டிலும் கோயில் திருவிழாக்களிலும் பலூன் சுட்டிருப்பீர்கள். அங்கே குண்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, பலூன் அவ்வளவு பெரியது. ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா வைத்த புள்ளி! 1984-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்த அந்தப் பிரிவில்தான் 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். 2012-இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே பிரிவில் உலகக் கோப்பைத் தங்கங்கள் பெற்றவர். அவர்கள் கையில் இருப்பது அழுத்திய காற்றை முன்பே நிரப்பிய விலையுயர்ந்த துப்பாக்கிகள். நம் பிள்ளைகளுக்கு அது உடனே எட்டாது. ஆனால் ஸ்பிரிங் ரைஃபிளில் பழகி, குண்டைப் பொறுக்கி, அளந்து, எழுதிவைக்கிற பொறுமை இருந்தால் அடிப்படை கைவந்துவிடும். துப்பாக்கியை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும். குண்டை மாற்றிப் பார்க்கச் சில நூறு ரூபாய் போதும். ஏழை வீட்டுப் பிள்ளை போட்டியை விட்டு விலகுவதற்கு முன் இதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கடைசியாக, பெற்றோருக்கு. ஏர்கன் கையில் வந்ததும் பிள்ளைகளின் கண் முதலில் போவது மரத்துக் கிளைக்குத்தான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயங்கள். தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வருகின்றன. வயலில் மயில் மேய்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர்கன்னுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குண்டு பட்டுப் பறந்துபோன பறவை உடம்பில் ஈயத்தோடு எங்கோ போய்ச் சாகும். அதைத் தின்ற கழுகுக்கும் அந்த விஷம் சேரும்.

காகிதத்தில் மட்டும் சுடச் சொல்லுங்கள். பின்னால் மண்மூட்டை அடுக்குங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் மூன்று வகைக் குண்டு வாங்கி, நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டான் என்று அவன் அப்பா சொன்னார். நோட்டுப் போட்டான் என்பதிலேயே எனக்குப் பாதி மகிழ்ச்சி. உங்கள் வீட்டிலும் இப்படி ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்