ஜிப்சம் பலகைச் சுவரில் பாரமான பொருள்களைப் பொருத்துதல்: மாவனல்லை

மரத்தாலோ மெல்லிய இரும்புத் தகட்டாலோ சட்டம் எழுப்பி, அதன் இரு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்து மூடினால் கிடைப்பது ஜிப்சம் பலகைச் சுவர். வெளியே பார்க்கச் சாந்து பூசிய சுவர் போலவே இருக்கும். உள்ளே வெற்றிடம். கேகாலை மாவட்டத்தில், கொழும்பு–கண்டி வீதியில் மகா ஓயாக் கரையில் உள்ள மாவனல்லைக்கு இது பிற்காலத்தில் வந்த கட்டுமுறை. இப்பகுதிக்குப் பழக்கமானவை செங்கல்லும் கபுக் கல்லும் சீமெந்து புளொக் கல்லும்தான். கடைக்குள் அறை பிரிக்கவும், கட்டிய வீட்டின் மேல்மாடியில் பாரம் ஏற்றாமல் ஓர் அறை எடுக்கவும் ஜிப்சம் பலகை உதவுகிறது. கல்லுச் சுவருக்குப் பழகிய அதே ட்ரில்லையும் அதே ரோல் பிளக்கையும் எடுத்துக்கொண்டு இந்தச் சுவருக்குப் போகும்போதுதான் தவறு நேர்கிறது.

சுவருக்குள் விரிந்து பிடிக்கும் பிளக்கை 1910களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஜோன் ஜோசப் ரோலிங்ஸ். ஆணி முறுக முறுக பிளக் விரியும். சுற்றியுள்ள கல் அதை நெருக்கும். அந்த நெருக்கமே பிடி. ஜிப்சம் பலகையில் நெருக்குவதற்கு எதுவும் இல்லை. சாதாரணச் சுவர்ப் பலகையின் தடிப்பு 12.5 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ அரை அங்குலம். பிளக் விரிந்தால் உள்ளிருக்கும் ஜிப்சம் மாவாக உதிர்ந்து, ஓட்டைதான் பெரிதாகும்.

அமெரிக்கரான ஒகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்ற பலகையிலிருந்து வளர்ந்தது இன்றைய ஜிப்சம் பலகை. நடுவில் ஜிப்சம், இரு முகத்திலும் தடித்த தாள். வளையாமல் நிற்கும் பலத்தில் பெரும்பங்கு அந்தத் தாளுடையது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனுள் பிணைந்த நீர் என்பதால், தீயை இது நன்றாகவே தாங்கும். ஆனால் வெளியிலிருந்து நனைந்தால் தாளும் தளரும், உள்ளீடும் தளரும். தென்மேற்குப் பருவமழையும் இடைப்பருவ மழையும் மாறி மாறிப் பெய்யும் மாவனல்லை போன்ற ஈரவலய ஊரில் இதை மறந்துவிட முடியாது. கூரை ஒழுகிய சுவரும் குளியலறைச் சுவரும், உலர்ந்த நாளில் தாங்கிய பாரத்தை ஈரத்தில் தாங்கும் என்று நம்பக் கூடாது.

பொருளின் எடை மட்டும் ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை. அது சுவரிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 40 கிலோ எடையுள்ள அலுமாரி ஒன்று சுவரோடு ஒட்டித் தொங்குகிறது. அதன் எடை மையம் 150 மில்லிமீற்றர் வெளியே. மேல் ஆணிக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 600 மில்லிமீற்றர். மேல் ஆணிகளை வெளியே இழுக்கும் விசை வெறும் 10 கிலோவுக்குச் சமம். இனி, நீட்டி மடக்கும் கையில் மாட்டிய 20 கிலோ டீவியைப் பாருங்கள். கையை 400 மில்லிமீற்றர் நீட்டினால், 200 மில்லிமீற்றர் உயரமுள்ள தாங்கியின் மேல் ஆணிகளில் 40 கிலோ இழுவிசை விழும். பாதி எடைதான், இழுப்போ நான்கு மடங்கு. அலுமாரி கீழ்நோக்கித்தான் அதிகம் அழுத்துகிறது, டீவியோ ஆணியைப் பிடுங்குகிறது. நீட்டும் கை கொண்ட தாங்கியை வெறும் பலகையில் மாட்டவே கூடாது.

பலகையை மட்டும் நம்பிப் பொருத்த வேண்டியிருந்தால், பின்புறம் போய் விரியும் போல்ட்தான் வழி. ஸ்பிரிங் சிறகுள்ள டொகிள் போல்ட் ஓட்டை வழியே மடங்கிப் போய், உள்ளே சிறகு விரித்துப் பலகையின் முதுகைப் பிடிக்கும். படத்துக்கும் சிறு தட்டுக்கும் இது போதும்.

பாரமான எதுவும் சட்டத்தில்தான் நிற்க வேண்டும். நிமிர்ந்த சட்டங்கள் பொதுவாக 16 அங்குலத்துக்கு அல்லது 2 அடிக்கு ஒன்றாக இருக்கும். சுவரில் சிறு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால், பலகையைப் பிடித்திருக்கும் ஆணித் தலைகளில் ஒட்டும். அந்த வரிசைக்குப் பின்னே சட்டம். சுவிட்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் நேர் மேலும் கீழும் வயர் போகக்கூடும் என்பதால் அங்கே துளைக்க வேண்டாம். துளைக்குமுன் மெயின் சுவிட்சை அணைப்பது கட்டாயம். சட்டம் மரமாக இருந்தால் நீள ஆணி நன்றாகப் பிடிக்கும். அரை மில்லிமீற்றர் அளவிலான இரும்புத் தகடாக இருந்தால் ஆணியின் ஓரிரு புரிகளே பிடிக்கும். அங்கேயும் பின்னால் விரியும் போல்ட் வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த வேலை, பலகை மூடுமுன் செய்வது. டீவி, அலுமாரி வரும் இடத்தில் இரு சட்டங்களுக்கிடையே 18 மில்லிமீற்றர் பிளைவூட் துண்டை வைத்து முறுக்கிவிட்டால், பிறகு அந்தப் பரப்பில் எங்கும் ஆணி பிடிக்கும். கேகாலைப் பக்கம் றப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பதப்படுத்தாத பலகையை உள்ளே வைக்க வேண்டாம். மாச்சத்து மிகுந்த அந்த மரத்தைத் துளைக்கும் வண்டு விரைவில் தின்னும். மூடிய சுவருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மூடுமுன் அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வைத்தால், பின்னாளில் வேலைக்கு வரும் பாஸ் தட்டித் தட்டித் தேட வேண்டியதில்லை.

மூடிய பின் நினைவுக்கு வந்தால், இரண்டு சட்டங்களைத் தொடும்படி வெளியிலிருந்து ஒரு பலகையைக் குறுக்கே முறுக்கி, பொருளை அந்தப் பலகையில் மாட்டலாம். தோட்ட லயன் அறைகளை ஹார்ட்போர்ட்டாலும் மெல்லிய பலகையாலும் பிரித்துக் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அங்கே தட்டு மாட்டும் சுவரின் கீழேதான் பிள்ளைகள் படுத்துறங்குகின்றன.

இவ்வளவு செய்தாலும் சில பொருள்கள் இந்தச் சுவருக்கு ஆகாது. 25 லீற்றர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. தொட்டியின் எடை வேறு. அதைப் புளொக் கல் சுவருக்கே கொண்டுபோக வேண்டும். முகம் கழுவும் பேசினுக்குத் தரையில் நிற்கும் கால் வைத்த வகையை வாங்குங்கள்.